முந்நூறு டெஃப்லான் இடுப்புகள்: ரைட்டிங்டன், 1958 முதல்

இடுப்பிலிருந்து சத்தம் வருகிறது என்று ஒருவர் வந்தார். 1950களில், மான்செஸ்டரில், ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவரிடம். பாரிஸில் ஜுதே சகோதரர்கள் என்ற மருத்துவர்கள் கொண்டுவந்த அக்ரிலிக் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) பந்து ஒன்றை அவருடைய தொடை எலும்பின் உச்சியில் ஏற்கெனவே பொருத்தியிருந்தார்கள். வலி போய்விட்டது. ஆனால் முன்னால் குனிந்தால் போதும், துரு ஏறிய கதவுக்கீல் மாதிரி இடுப்பு கிறீச்சிடும். வீட்டில் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். சார்ன்லி அதைப் பொறியாளர் காதால் கேட்டார். சத்தம் வந்தால் உராய்வு அதிகம். உராய்வு அதிகமானால் பந்து இடுப்பு எலும்பின் குழிக்குள் சுழலாது. குழி பந்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது நடக்கிற ஒவ்வொரு அடியும் பந்தின் காம்பை எலும்புக்குள் திருகும். சுவரில் அடித்த ஆணியைத் தினமும் ஆயிரம் தடவை அசைத்தால் என்ன ஆகும்? அதுதான். சில மாதங்களில் சத்தம் நின்றுவிடும் நோயாளிகளைப் பார்த்து அவர் சந்தோஷப்படவில்லை. பந்து எலும்போடு சேர்ந்து ஆடத் தொடங்கிவிட்டது, அதனால்தான் சத்தம் இல்லை என்று புரிந்துகொண்டார்.

இயற்கை மூட்டின் உராய்வை அளந்து பார்த்தார். பனிக்கட்டி மேல் சறுக்கும் இரும்பை விடக் குறைவு. அப்படியானால் தானாகவே வழுக்கும் பொருள் ஒன்று வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு ஒரே பதில், ஒட்டாத பாத்திரங்களில் பூசுகிற டெஃப்லான் பிளாஸ்டிக்.

இன்று இடுப்பு மாற்று, முழங்கால் மாற்று இரண்டுமே அன்றாட அறுவை. இடுப்பு மாற்றை 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை 'நூற்றாண்டின் அறுவை' என்றே அழைத்தது. அந்த நூற்றாண்டின் அறுவை முதல் 4 வருடத்தில் சுமார் 300 இடுப்புகளைக் கெடுத்தது. எது கெட்டது, பிறகு எது சரியானது என்று பார்த்தால், பொருளுக்கு இருந்த பங்கைவிட, விளைவைக் கடைசிவரை எண்ணுவது, கற்காதவர் கையில் கொடுக்காமல் இருப்பது ஆகிய இரண்டுக்கும் பங்கு அதிகம் என்பது என் கணக்கு.

முதல் தவறு

தொடக்கத்தில் குழிக்கு ஓர் உறை, பந்துக்கு ஓர் உறை என்று இரண்டு மெல்லிய டெஃப்லான் ஓடுகளைத்தான் மாட்டினார். உறைக்குள் இருந்த எலும்பு ரத்தம் இல்லாமல் செத்தது. அதை விட்டுவிட்டு, தொடை எலும்புக்குள் இரும்புத் தண்டு, குழியில் தடித்த டெஃப்லான் கிண்ணம் என்று மாறினார். தண்டைப் பிடித்து நிறுத்த, பல் மருத்துவர்கள் பயன்படுத்திய அக்ரிலிக் கலவை. மான்செஸ்டர் பல் மருத்துவக் கல்லூரியில் இருந்த டெனிஸ் ஸ்மித் கைகாட்டியது அது. எலும்பு மருத்துவர்கள் நாங்கள் தியேட்டரில், அதாவது அறுவை அரங்கில், இன்றும் 'சிமென்ட்' என்று சொல்வது இதைத்தான். உண்மையில் அது பசை அல்ல, எலும்பின் துளைகளுக்குள் புகுந்து இறுகும் சாந்து.

பந்தின் அளவையும் குறைத்துக்கொண்டே வந்தார். 40 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த பந்து 22 மில்லிமீட்டருக்கு இறங்கியது. துல்லியமாக 22.225, அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. சின்னப் பந்து என்றால் திருகுவிசை குறைவு. இந்த யோசனை இன்றும் நிற்கிறது.

நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். ஊன்றுகோலைப் போட்டுவிட்டுப் போனார்கள். 1961 மே மாதம் லான்செட்டில் சார்ன்லி இதைப் புதிய அறுவை என்று எழுதினார். படித்தவர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. தவறு என்றால் அதுதான் தவறு. கையில் இருந்தது குறுகிய காலக் கணக்கு. ஓர் இடுப்பு அதற்குள் நன்றாக இருப்பது எதற்கும் சாட்சி இல்லை. ஆறு மாதத்தில், உடம்புக்குள் பொருத்துகிற எல்லா இம்ப்ளாண்டும் நன்றாகத்தான் இருக்கும்.

1962 வாக்கில் எக்ஸ்ரேயில் பந்து கிண்ணத்துக்குள் மூழ்கத் தொடங்கியது. அம்மிக்கல் குழிந்துபோவதற்குத் தலைமுறைகள் ஆகும். இந்தக் கிண்ணம் 2, 3 வருடத்தில் குழிந்தது. திறந்து பார்த்தால் மூட்டைச் சுற்றிலும் பாலாடைக்கட்டி மாதிரி வெள்ளைச் சதை. உரிந்த டெஃப்லான் தூளை விழுங்கப் பார்த்துத் தோற்ற திசுக்கள், பக்கத்து எலும்பையும் அரித்துக்கொண்டு நின்றன. தன் நோயாளிகளை அவர் வேறு யார் தலையிலும் கட்டவில்லை. தானே மறுபடி திறந்து, தானே கழற்றினார்.

பட்டறையில் மூன்று வாரம்

ரைட்டிங்டன் மருத்துவமனை லங்காஷயரில், விகான் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய காசநோய் மருத்துவமனை. அங்கே சார்ன்லிக்கு ஒரு பட்டறை இருந்தது, அதில் ஹாரி கிரேவன் என்ற கடைசல்காரர் இருந்தார். கருவிகள், கிண்ணங்கள், தேய்மானத்தைச் சோதிக்கும் இயந்திரம் எல்லாம் அவர் கையால் ஆனவை.

1962 மே மாதம் ஒரு விற்பனையாளர் புது பிளாஸ்டிக் துண்டு ஒன்றோடு வந்தார். அடர்த்தியான பாலிஎத்திலீன். லங்காஷயர் நெசவாலைத் தறிகளின் பல்சக்கரங்களுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த சரக்கு. கிரேவன் அதை சார்ன்லியிடம் காட்டினார். சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் போட்டுப் பார்த்தார். நகம் பதிந்தது. இதெல்லாம் வேலைக்காகாது என்று போய்விட்டார்.

கிரேவன் துண்டைத் தூக்கிப் போடவில்லை. சார்ன்லி கோபன்ஹேகனில் ஒரு கூட்டத்துக்குப் போன சமயம் பார்த்து அதை இயந்திரத்தில் மாட்டினார். இரவு பகலாக மூன்று வாரம் ஓடியது. டெஃப்லான் ஒரு நாளில் தேய்ந்த அளவுக்குக்கூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி இயந்திரத்தின் முன்னால் நின்று பார்த்தார். பிறகு வாதம் எதுவும் இல்லை. இந்தக் கதையில் நான் வகுப்பில் அதிகம் சொல்வது கிரேவன் பகுதியைத்தான். உலகப் பெயர் பெற்ற மருத்துவர் வேண்டாம் என்று சொன்னதை, படிப்புப் பட்டம் இல்லாத ஒருவர் 'ஓடவிட்டுத்தான் பார்ப்போமே' என்று மாட்டியிருக்காவிட்டால், நம் ஊர்த் தாத்தா பாட்டிகள் இன்று என்ன போட்டுக்கொண்டு நடப்பார்களோ.

ஆனால் தேய்மானம் குறைவு என்பது பாதிப் பதில்தான். தூளை உடம்பு எப்படி ஏற்கும்? சார்ன்லி டெஃப்லான் தூளையும் பாலிஎத்திலீன் தூளையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஒன்பது மாதம் கழித்து டெஃப்லான் இருந்த இடத்தில் முடிச்சுகள் தட்டுப்பட்டன, வைத்ததை விடப் பெரிதாக. பாலிஎத்திலீன் இருந்த இடம் கைக்குச் சரியாகத் தெரியவே இல்லை. 1963 டிசம்பரில் அதை லான்செட்டுக்குக் கடிதமாக எழுதினார். உடம்பைப் பணயம் வைப்பது அவருக்குப் புதிதும் அல்ல. முன்பே எலும்பு ஒட்டு பற்றி அறிய ஒரு சக மருத்துவரிடம் சொல்லித் தன் கணுக்காலுக்கு மேல் உள்ள எலும்பில் பரிசோதனை செய்யவைத்து, அது சீழ் பிடித்து அவதிப்பட்டவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் நோயாளிக்குள் போனது 1962 நவம்பரில். தொடைப் பரிசோதனையின் முடிவு ஊருக்குத் தெரிந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்குச் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. துணிச்சலுக்காக அவரை மெச்சும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விற்க மாட்டேன் என்ற விற்பனை

டெஃப்லானில் சுட்டுக்கொண்டவர் இந்த முறை அவசரப்படவில்லை. உலகமே கேட்டது. லீட்ஸ் நகரத்தின் தாக்ரே கம்பெனி செய்துகொடுக்கத் தயாராக இருந்தது. சார்ன்லி போட்ட நிபந்தனை: ரைட்டிங்டனுக்கு வந்து தங்கி, அறுவையைப் பார்த்து, கூட நின்று கற்றுக்கொண்ட மருத்துவருக்கு மட்டும்தான் இதை விற்கலாம். பல வருடம் அப்படியே நடந்தது. பெரிய பெரிய பேராசிரியர்களுக்கும் அதுதான் விதி. திட்டியவர்கள் உண்டு. வியாபாரக் கண்ணில் பைத்தியக்காரத்தனம்.

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. அவருடைய அறுவை எளிதானது அல்ல. தொடை எலும்பின் பக்கவாட்டு மேட்டைத் தசையோடு சேர்த்து அறுத்துத் தூக்கி, வேலை முடிந்ததும் கம்பியால் திரும்பக் கட்ட வேண்டும். சரியாகக் கட்டாவிட்டால் கம்பி அறுந்து, மேடு ஒட்டாமல் நின்று, நோயாளி ஆயுள் முழுக்க விந்தி நடப்பார். பந்து சின்னதாக இருப்பதால் கிண்ணத்தின் சாய்வு கொஞ்சம் பிசகினாலும் மூட்டு நழுவும். சிமென்ட் சில நிமிடத்தில் இறுகிவிடும். அதற்குள் தண்டு தன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு திருத்த முடியாது. பி.ஜி. (மேற்படிப்பு) காலத்தில் முதல் தடவை சிமென்ட் உருண்டையைக் கையில் வாங்கி, அது கையிலேயே சூடாகிக் கெட்டிப்படுவதை உணர்ந்தவர்களுக்கு அந்த நிமிடங்கள் மறக்காது. இத்தனையையும் காகிதத்தில் படித்துச் செய்ய முடியாது.

விளைவுக் கணக்கும் இந்த முறை வேறு மாதிரி. 1962 நவம்பரிலிருந்து 1965 முடிய செய்த 379 இடுப்புகளின் நீண்டகால விளைவை 1972இல் வெளியிட்டார். பொருள் தேய்ந்தோ தளர்ந்தோ தோற்றவை 100க்கு 1.3. தொற்றால் கெட்டவை 3.8. கிண்ணத்தை வென்றாகிவிட்டது, கிருமிதான் மிச்சம் என்று அந்த எண்களே சொல்லின. இன்னொன்றும் செய்தார். இறந்த பிறகு அந்த மூட்டை எடுத்துப் பார்க்க நோயாளிகளிடமே சம்மதம் கேட்டார். கொடுத்தார்கள். பதினைந்து வருடம் நடந்த இடுப்பு எலும்போடு சேர்ந்து பட்டறைக்குத் திரும்பி வந்தது. சிமென்டும் எலும்பும் எப்படிக் கூடி வாழ்ந்தன என்பதை வெட்டிப் பார்க்க முடிந்தது.

காற்றும் கிருமியும்

தொடக்க வருடங்களில் அவருடைய தொற்று விகிதம் 100க்கு 7க்கும் மேல். மூட்டு மாற்றில் ஆழ்ந்த தொற்று என்பது சாதாரணச் சீழ் அல்ல. கிருமி உலோகத்தின் மேல் ஒட்டிப் படலம் கட்டிவிட்டால் மருந்து அதைத் தொடாது. பெரும்பாலும் எல்லாவற்றையும் கழற்றி, மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி பொருத்த வேண்டும். சில சமயம் பொருத்தவே முடியாது.

நோயாளியின் காயத்துக்குள் கிருமி காற்று வழியாக விழுகிறது என்று சார்ன்லி சந்தேகப்பட்டார். பருத்தி ஆலைகளுக்குக் காற்றுச் சாதனம் செய்துகொடுத்த ஹொவர்த் என்பவரைப் பிடித்து, தியேட்டருக்குள்ளேயே ஒரு கண்ணாடிக் கூண்டு கட்டவைத்தார். வடிகட்டிய காற்று மேலிருந்து கீழே இறங்கும். பிறகு மருத்துவரின் மூச்சையும் வியர்வையையும் குழாய் வழியாக உறிஞ்சும் தலைக்கவச உடுப்பு. தறிச் சக்கரத்திலிருந்து கிண்ணம் வந்தது, ஆலைக் காற்றிலிருந்து கூண்டு வந்தது. இந்த அறுவை எவ்வளவு தூரம் லங்காஷயர் சரக்கு பாருங்கள்!

தடுப்பு ஆன்டிபயாடிக் இல்லாமலே தொற்று 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஒரே மருத்துவமனைக் கணக்கை எப்படி நம்புவது என்று கேட்டவர்களுக்கு 1982இல் பதில் வந்தது: 19 மருத்துவமனைகளில் 8,000க்கு மேற்பட்ட அறுவைகள், சாதாரணக் காற்றில் தொற்று 1.5, சுத்தக் காற்றில் 0.6.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் வழக்கமான பிறகு, யாருக்கு எந்த மூட்டை வைத்தோம், எது கெட்டது என்று நாடு முழுக்க எழுதிவைக்கிற நியூசிலாந்துப் பதிவேட்டில், சுத்தக் காற்றுத் தியேட்டர்களில் தொற்று குறையவில்லை, சற்றுக் கூடுதலாகக்கூடத் தெரிந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் மூட்டு மாற்றுக்கு அந்தக் காற்றோட்டம் தேவையில்லை என்ற பக்கம் சாய்ந்தது. சார்ன்லி தவறா? அவர் காலத்தில் சரி. தோலில் கத்தி படுவதற்கு முன் ஒரு வேளை மருந்து என்பது வந்ததும் காற்றுக்கு மிச்சமிருந்த வேலை குறைந்துவிட்டது. இதை அறியாமல் கோடிக்கணக்கில் செலவழித்துக் காற்றுக்கூரை போட்டுவிட்டு, முதல் வேளை மருந்தைக் கீறிய பிறகு ஏற்றுகிற தியேட்டர்கள் இருக்கின்றன.

முழங்கால்

ரைட்டிங்டனுக்கு இடுப்பு படிக்க வந்தவர்களில் ஃபிராங்க் கன்ஸ்டன் என்ற கனடா நாட்டவர் ஒருவர். அவர் பொறியியலும் படித்தவர். முழங்கால் கீல் மாதிரி ஒரே அச்சில் மடங்குவதில்லை, உருண்டுகொண்டே சறுக்குகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, இரும்பு அரைவட்டம் ஓட பாலிஎத்திலீன் தடம், இரண்டையும் நிறுத்த அதே சிமென்ட் என்று 1968இல் புது முழங்கால் ஒன்று செய்தார். அதற்கு முன் பெரும்பாலும் கீல் போட்ட முழங்கால்கள்தான். அவை சீக்கிரமே தளர்ந்துவிடும். கன்ஸ்டன் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. இன்றைய முழங்கால் அதன் நேர் வாரிசு இல்லை என்றாலும் வழி அங்கே திறந்தது.

நிலைப்பதில் முழங்கால் இடுப்பையே முந்திவிட்டது. 2019இல் பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 25 வருடம் தாங்கிய இடுப்புகள் 58 சதவீதம், முழு முழங்கால்கள் 82. ஆனால் முழங்கால் மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்குத் திருப்தி இல்லை என்று பல கணிப்புகள் சொல்கின்றன. எக்ஸ்ரே அழகாக இருக்கும், அம்மா முகம் சுளித்தபடி உட்கார்ந்திருப்பார். 'தாங்கியது' என்று பதிவேடு சொல்வதற்கு 'இன்னும் கழற்றவில்லை' என்றுதான் பொருள்.

வேலி உடைந்த பிறகு

சார்ன்லியின் கட்டுப்பாடு தளர்ந்ததும் அறுவை உலகெங்கும் பரவியது. அது நல்லதுதான். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் 1969இல் தொடங்கிச் செய்த முதல் 2,000 சார்ன்லி இடுப்புகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 25 வருடத்தில் 100க்கு 81 கழற்றாமல் நின்றன. நன்றாகக் கற்ற கை, விடாமல் எண்ணிய பழக்கம் இரண்டும் இருந்த இடம் அது.

மற்ற இடங்களில் என்ன நடந்தது? பார்வைக்கு சார்ன்லி தண்டு மாதிரியே, விலை குறைவாக, 1991இல் பிரிட்டனில் '3எம் கேப்பிட்டல்' என்ற இடுப்பு வந்தது. உருவம் அதே, உலோகமும் மேற்பரப்பும் வேறு. சுமார் 4,700 பேருக்கு வைத்தார்கள். தளர்ந்தது. 1998இல் எச்சரிக்கை வெளியிட்டபோதுதான், யாருக்கு எதை வைத்தோம் என்ற பட்டியல் நாட்டில் ஓரிடத்தில்கூட ஒன்றாக இல்லை என்பது உறைத்தது. முழங்காலுக்கு 1975, இடுப்புக்கு 1979 என்று ஸ்வீடன் எப்போதோ தொடங்கிய பதிவேட்டை இங்கிலாந்து 2003இல்தான் தொடங்கியது. சார்ன்லியின் சொந்த நாடு!

பயிற்சி பற்றியும் இப்போது எண்கள் பேசுகின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் கணக்கை 2014இல் பார்த்தார்கள்: வருடத்துக்கு 35 இடுப்புக்குக் கீழே செய்கிற மருத்துவரிடம் மூட்டு நழுவுதலும் மறுஅறுவையும் கூடுதல். அப்படியானால் கற்றுக்குட்டியிடம் போகவே கூடாதா? அதுவும் இல்லை. கூடவே கையுறை போட்டு ஒரு மூத்தவர் நிற்கும்போது, பயிற்சி மருத்துவர் செய்த இடுப்பின் ஆயுள் மற்றவர்கள் செய்ததற்குக் குறைந்ததல்ல என்று இங்கிலாந்துப் பதிவேட்டுத் தரவு காட்டுகிறது. மூத்தவர் மேசையருகே இல்லாதபோது வித்தியாசம் தெரியத் தொடங்குகிறது. 'பக்கத்து ரூமில் டீ குடிச்சிட்டு இருக்கேன், ஏதாவதுன்னா கூப்பிடு' என்பது மேற்பார்வை அல்ல.

ஆனால் எல்லாப் பழியையும் கை மேல் போடவும் கூடாது. அதற்கு ஏ.எஸ்.ஆர். சாட்சி. உலோகத்தின் மேல் உலோகம் ஓடுகிற இந்த இடுப்பை டெப்யூ கம்பெனி 2003இல் கொண்டுவந்தது. கிண்ணம் அரைக்கோளத்தை விட ஆழம் குறைந்தது. சாய்வு சில பாகை பிசகினாலும் விளிம்பில் உரசி கோபால்ட், குரோமியம் ரத்தத்தில் கலந்தது. ஆரம்பத்தில் 'கிண்ணத்தைச் சரியாக வைக்கவில்லை' என்று மருத்துவர்கள் பக்கம் விரல் நீண்டது. சராசரிக் கைக்குப் பிழைக்க இடம் கொடுக்காத வடிவம் வடிவத்தின் குற்றம்தான். ஆஸ்திரேலியப் பதிவேடு முதலில் மணி அடித்தது. இங்கிலாந்துக் கணக்கில் 5 வருடத்தில் 100க்கு 12, 13 கழற்ற வேண்டியிருந்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் 93,000 பேருக்கு வைத்தாகிவிட்டது.

இந்தியாவில் வைத்தது சுமார் 4,700. தற்செயலாகக் கேப்பிட்டலின் அதே எண். இங்கும் பதிவேடு உண்டு, இந்திய இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர் சங்கம் நடத்துகிறது. சேர்வது அவரவர் விருப்பம். மத்திய அரசு அமைத்த குழுவின் அறிக்கை 2018இல் வெளியே வந்தது, நட்டஈட்டுக் கணக்கும் அந்த வருடமே வந்தது, 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி ரூபாய் வரை. வாங்க ஆள் வேண்டுமே. கண்டுபிடிக்க முடிந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். ரைட்டிங்டனில் இறந்தவரின் இடுப்புகூடத் திரும்பி வந்தது. இங்கே சுமார் 3,600 பேர் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு இம்ப்ளாண்ட் பெட்டிக்குள்ளும் வரிசை எண் அச்சடித்த ஸ்டிக்கர்கள் வரும். ஒன்று கேஸ் ஷீட்டுக்கு, ஒன்று பில்லுக்கு. இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி நோயாளி கையில் கொடுக்க அரை நிமிடம் ஆகாது. அடுத்த வாரம் உங்கள் வீட்டில் யாருக்காவது மூட்டு மாற்று என்றால், தையல் பிரிக்கப் போகும் நாளில் அந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள்.